செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் வருகிற உறவினர்கள், நண்பர்கள், அந்த நண்பர்களின் நண்பர்கள் என்று ஆண்டு முழுவதும் யாராவது என்னிடம் வழி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீடு காட்டக் கூட்டிப் போனால் திண்ணையில் ஏறும் முன்பே அதே கேள்விகள் வந்துவிடும். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே கீழே எழுதி, எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

செட்டிநாடு என்பது எந்த ஊர்? எந்த பஸ்ஸிலும் அப்படி ஒரு பலகையைப் பார்த்ததில்லையே?

அது ஓர் ஊரின் பெயர் கிடையாது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் குடியிருந்த ஊர்களை எல்லாம் சேர்த்துச் செட்டிநாடு என்கிறோம். முன்பு 96 ஊர்கள் என்பார்கள். இப்போது எழுபதைச் சொச்சம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருக்கின்றன. காரைக்குடியும் தேவகோட்டையும் பெரியவை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, இராயவரம் போன்றவை சிற்றூர்கள். கானாடுகாத்தானுக்கு அருகே 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையமும் உண்டு.

நீங்கள் பார்க்க வருகிற வீடுகள் பெரும்பாலும் 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலேயா என்று ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்குக் கடல் கடந்து போய் ஈட்டிய பணம், ஊருக்குத் திரும்பி வந்து வீடாக எழுந்தது.

எந்த வீட்டுக்குள் போகலாம், எதை வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்?

காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற வீடுகள் சில உண்டு. ஆத்தங்குடியில் உள்ள லெட்சுமி வீடு அவற்றில் பேர்போனது. முகப்பிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். இரண்டாவது வகை, விடுதியாக மாறிய வீடுகள்: கானாடுகாத்தானில் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ். தங்க முடியாவிட்டாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொண்டு போனால், சாப்பிட்ட பிறகு நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். வீட்டை அறிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வகைதான் மிகப் பெரும்பாலானவை. பூட்டிக் கிடப்பவை, அல்லது ஒரு காவலாளியோ வயதான ஆச்சி ஒருவரோ மட்டும் இருப்பவை. காரைக்குடியில் 1941-ல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டையும், கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையையும் தெருவில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டும் குடும்பச் சொத்து. 'ஆயிரம்' என்பது வாய்வழக்கு, எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு நாள் போதுமா? எப்போது வரலாம்?

ஒரு நாளில் இரண்டு ஊர், மூன்று வீடு. அதற்கு மேல் போனால் எந்தத் தூண் எந்த வீட்டில் பார்த்தது என்பதே மறந்துவிடும். இரண்டு நாள் ஒதுக்குங்கள். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிக்கே வருகிறது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்.

மார்கழி, தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலில் தெருவில் நடக்க முடியாது. ஆனாலும், வெயில் கொளுத்தும் பகல் இரண்டு மணிக்கு ஒரு முறையாவது வளவில், அதாவது வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றிய பகுதியில், உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வீடுகள் எதற்காக இப்படிக் கட்டப்பட்டன என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும்.

உள்ளே போனதும் தூணும் முற்றமுமாக எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எதைப் பார்ப்பது?

தலைவாசலில் நின்று நேரே உள்ளே பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் ஒரே கோட்டில் வரிசையாகத் தெரியும். கடைசிக் கதவும் திறந்திருந்தால் பின்தெரு வெளிச்சம் வரை கண் போகும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடிகிறது. காற்று தடையில்லாமல் ஓடுவதற்கும் அதுவே வழி.

அந்தக் கோட்டிலேயே நடங்கள். முதலில் திண்ணையும் முகப்பும். ஆண்கள் கணக்கு வழக்குப் பார்த்ததும், வந்தவர்களை உட்காரவைத்துப் பேசியதும் இங்கேதான். அதனால்தான் விலை உயர்ந்த பொருளெல்லாம் இங்கே குவிந்திருக்கும்: பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. அடுத்து வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதன் ஓரத்தில் வரிசையாக அறைகள். வீட்டின் நல்லது கெட்டது அத்தனையும் நடந்த இடம் இது. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, சாப்பாட்டுக்கும் சாமான்களுக்கும். கடைசியில் அடுப்படியும் கிணறும். இது பெண்களின் இடம்.

உள்ளே போகப் போகப் பொருள் எளிமையாகிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். பளிங்கு போய்ச் செங்கல் தளம் வரும், தேக்குத் தூண் போய்க் கல்தூண் வரும். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வளவோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அடுப்படிதான் பிடிக்கும். ஆட்டுக்கல்லைச் சுற்றித் தரை தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், அங்கே எத்தனை பேர் உட்கார்ந்து மாவு ஆட்டியிருப்பார்கள் என்று தோன்றும்.

தரையும் சுவரும் நேற்றுப் போட்டது போலப் பளபளக்கிறதே, மெருகு போடுகிறார்களா?

தரையில் பூப்போட்டிருப்பது ஆத்தங்குடிக் கல். அது சூளையில் வேகாத கல் என்பது பலருக்குத் தெரியாது. ஆத்தங்குடியில் பட்டறைகள் இன்றும் நடக்கின்றன. கேட்டால் பார்க்க விடுவார்கள், கட்டாயம் போய்ப் பாருங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைக்கிறார்கள். சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் மொண்டு அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்குகிறபோது சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கலக்காது. கை சிறிது நடுங்கினாலும் பூ கலைந்துவிடும். அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, காயவிட்டுப் பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரிகிறபோது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. மிதிக்க மிதிக்க அந்த மினுமினுப்பு கூடுகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில்தான் தரை மங்கும்.

சுவர்ப் பூச்சு வேறு வேலை. சுண்ணாம்பை அரைத்து, மணல், கடுக்காய்த் தண்ணீர், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தச் சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள், வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கும். இடுப்பளவு உயரத்துக்குச் சுவரில் பதித்த கற்களில் பூ புடைத்துக்கொண்டு நின்றால், அவை ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவையாக இருக்கலாம்.

பங்களா என்றால் தோட்டம் இருக்குமே, இங்கே ஏன் ஒரு மரம்கூட இல்லை?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். அங்கே நடுவில் வீடு, சுற்றிலும் தோட்டம். இங்கே வெளியை வீட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். வானம், வெயில், மழை மூன்றும் முற்றத்தின் வழியாக வருகின்றன. மேலே வடகம் காய்ந்துகொண்டிருக்க, கீழே நிழலில் குழந்தை உறங்கும்.

இது மழை குறைந்த பூமி. மரம் வளர்ப்பதைவிடத் தண்ணீர் சேர்ப்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள். நாட்டு ஓடு வேய்ந்த கூரைகள் நான்கு புறமும் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. விழுகிற தண்ணீரைத் தூம்பு வழியாகக் கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் கிணற்றுக்கும் வெளியே ஊருணிக்கும் போகும். ஊர் சுற்றும்போது ஊருணிப் படிக்கட்டுகளையும் பாருங்கள். இந்த ஊர்களின் தோட்டம் எது என்று கேட்டால் நான் ஊருணிக் கரையைத்தான் காட்டுவேன்.

வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் எல்லாம் பூட்டியே இருக்கின்றனவே, உள்ளே என்ன?

அவை குடும்பத்தின் அறைகள். மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனுக்கென்று வளவில் ஓர் அறை ஒதுக்குவார்கள். உள்ளும் வெளியுமாக இரண்டு பகுதியாக இருப்பதால் அதை இரட்டை வீடு என்பார்கள். திருமணமானவனைப் 'புள்ளி' என்று கோயில் கணக்கில் சேர்ப்பார்கள். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள், பிள்ளையார்பட்டியும் அவற்றில் ஒன்று. ஒரே வளவில் ஐந்தாறு புள்ளிகள் தனித்தனி அடுப்பு வைத்து வாழ்ந்ததும் உண்டு. அந்த அறையில் பெரும்பாலும் மனைவியின் சீர்ச் சாமான்கள் இருக்கும்: பித்தளை, எவர்சில்வர், பீங்கான், எனாமல் பாத்திரங்கள். படுக்கை தாழ்வாரத்திலும் மேல்மாடியிலும்.

இன்று ஒவ்வோர் அறைச் சாவியும் ஒவ்வோர் ஊரில் இருக்கிறது. ஒன்று சென்னையில், ஒன்று கோலாலம்பூரில். காவலாளியிடம் "இதை மட்டும் திறந்து காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். அவரிடம் சாவி இல்லை. இருந்தாலும் திறக்கிற உரிமை அவருக்கு இல்லை. சாமி வீடு என்ற அறையும் அப்படித்தான். முன்னோர்களுக்குப் படைப்பு நடக்கிற இடம் அது, வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதையும் தவிருங்கள்.

படம் எடுக்கலாமா? திருமணப் படப்பிடிப்புக்கு விடுவார்களா?

டிக்கெட் உள்ள இடங்களில் கைப்பேசிப் படத்துக்குப் பொதுவாகத் தடை இல்லை. படப்பிடிப்புக்குத் தனியாகப் பேச வேண்டும், தனிக் கட்டணம் உண்டு. ஆள் குடியிருக்கும் வீட்டில் கேட்காமல் எடுக்காதீர்கள். முகப்பில் மாட்டியிருக்கும் பெரியவர்கள் படங்களை அருகில் போய் எடுத்து இணையத்தில் போடுவது அந்தக் குடும்பத்துக்கு வருத்தம் தருகிறது.

ஒரு முறை படப்பிடிப்புக் குழு ஒன்று, விளக்குக் கம்பத்தை நிறுத்துவதற்காகச் சுவர்ப் பூச்சில் ஆணி அடித்துவிட்டது. விரற்கடை அளவு ஓட்டைதான். சுற்றிலும் ஒரு முழம் பூச்சு உதிர்ந்து விழுந்தது. மேலே சொன்ன பூச்சு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கப் பல மாதம் ஆயிற்று. ஒட்டுப்போட்ட இடம் இன்னும் நிறம் சேரவில்லை.

காவலாளிக்குக் காசு கொடுத்தால் தவறாக நினைப்பாரா?

நினைக்க மாட்டார், கொடுங்கள். பல வீடுகளில் அவர் குடும்பமே இரண்டு தலைமுறையாக அங்கே இருக்கிறது. ஓடு சரிவதை முதலில் பார்ப்பதும், வளவைப் பெருக்கி விளக்கேற்றுவதும் அவர்தான். வீட்டுக்காரரிடம் கேட்காத பல செய்திகளை அவரிடம் கேட்கலாம். ஆனால் வீட்டிலிருக்கும் ஆச்சியிடம் காசை நீட்டிவிடாதீர்கள், அவர்கள் உங்களை விருந்தாளியாகத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பழமோ பூவோ வாங்கிப் போனால் மகிழ்வார்கள். செருப்பை முகப்புக்குக் கீழேயே கழற்றிவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்து வரலாமா?

வரலாம். ஆனால் வீடுகள் உயரமான மேடை மேல் நிற்கின்றன, தெருவிலிருந்து ஏறும் படிகளுக்குக் கைப்பிடி இருக்காது. முன்பு வாழ்ந்த பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவால் நகரத்தார் இப்படி உயர்த்திக் கட்டினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. விடுதியாக மாறிய வீடுகளில் வசதி கூடுதல், கழிவறையும் உண்டு. ஏறிவிட்டால் வளவு ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் சுற்றலாம். என் அனுபவத்தில், அப்படி உட்கார்ந்திருந்த அம்மாக்கள்தான் வீட்டு ஆச்சிகளோடு பேசி நிறையத் தெரிந்துகொண்டு வந்தார்கள்.

முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்கிறானே, அது எதற்கு?

சில வீடுகளில் சிப்பாய், சில வீடுகளில் விக்டோரியா மகாராணி சாயலில் ஒரு பெண் உருவம். லட்சுமி செல்வத்துக்கு. சிப்பாய் காவலுக்கு என்றும், ஆட்சியாளரோடு இருந்த நெருக்கத்தைக் காட்டுவதற்கு என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அவர்கள் தொழில் நடத்திய துறைமுகங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. எந்த ஆட்சியின் நிழலில் பணம் வந்ததோ அதைச் சுதைச் சிற்பமாக வாசலில் வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால்தான் மேல் அடுக்குச் சிற்பங்கள் தெரியும்.

பர்மாவில் வட்டிக்கு விட்ட பணத்தில் கட்டியதுதானே? ஏழைகளின் கண்ணீரைப் போய்ப் பார்த்து ரசிக்கச் சொல்கிறீர்களா?

ஒரு கல்லூரி மாணவி கேட்டது. நியாயமான கேள்வி. 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின், காட்டைத் திருத்தி நெல் பயிரிட்ட உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுக்கவில்லை, நகரத்தார் கொடுத்தார்கள். 1930-ல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம், 1938-ல் 25 சதவீதம் ஆயிற்று. நிலத்தை இழந்த பர்மிய உழவரின் துயரம் உண்மை.

1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது கணக்குப் பெட்டிகளை விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்களின் துயரமும் உண்மை. பர்மா விடுதலை பெற்ற பின் அந்த நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. இங்கே 1940-களோடு பெரிய வீடுகள் எழுவது நின்றுபோனதற்கும், பல வீடுகள் பூட்டப்பட்டதற்கும் காரணம் அதுவே. தேக்குத் தூணைப் பார்க்கும்போது அது எந்த நாட்டு மரம், எப்படி இங்கே வந்தது என்ற நினைவோடு பாருங்கள் என்றுதான் அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் அன்று மூன்று மணி நேரம் இருந்து, தூண்களை மட்டுமே வரைந்துகொண்டு போனாள்.

யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாமே, பிறகு அரசாங்கம் ஏன் எடுத்துப் பராமரிக்கவில்லை?

உலகப் பாரம்பரியச் சின்னமாக இன்னும் அறிவிக்கவில்லை. 2014-ல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அது பரிசீலனைக்கு முந்தைய படி.

அரசு எடுப்பதில் உள்ள சிக்கல், பூட்டிய அறைகளைப் பற்றிச் சொன்னபோதே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்குதாரர்கூட இருக்கலாம். விற்கவோ பெரிய அளவில் பழுதுபார்க்கவோ எல்லோரும் ஒப்ப வேண்டும். அவர்கள் விற்கவும் விரும்புவதில்லை. திருமணத்துக்கும் படைப்புக்கும் பூர்வீக வீட்டு வளவில் கூடுவது இன்றும் பலருக்குக் கடமை. நிற்கிற வீடுகள் பலவும் அந்த ஒரு கடமையால் நிற்கின்றன. ஊருக்கு ஆள் வரும் முன் வெள்ளையடித்து, ஓடு மாற்றி, கரையான் பார்த்து விடுவார்கள்.

காரைக்குடியில் பழைய தூணும் கதவும் விற்கிறார்களே, ஒன்று வாங்கினால் தப்பா?

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளைச் சொல்கிறீர்கள். சட்டப்படி விற்கிற பொருளை வாங்குவதைத் தப்பென்று நான் சொல்ல முடியாது. பித்தளைச் செம்பு, எனாமல் தூக்கு, மரப்பெட்டி இவற்றை வாங்குங்கள். ஆனால் கதவு நிலையையும் தூணையும் நான் வாங்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன். ஒரு தூண் கடைக்கு வருகிறது என்றால் எங்கோ ஒரு வளவைப் பிரித்திருக்கிறார்கள். வாங்க ஆள் இருப்பதால்தான், பழுதுபார்ப்பதைவிடப் பிரித்து விற்பது பங்காளிகளுக்கு எளிதாகத் தெரிகிறது. தரை பிடித்திருந்தால் ஆத்தங்குடிக்குப் போய்ப் புதுக் கல் வாங்குங்கள். அந்தப் பட்டறைகள் பிழைக்கும்.

வீடுகளில் கிடக்கும் பழைய தாள்களும் அப்படியே. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய நூல்களையும் இதழ்களையும் நோட்டீஸ்களையும் வாழ்நாள் முழுக்கத் திரட்டி வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் அது சென்னையில் 1994-ல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எல்லா வீட்டுப் பரண்களுக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை.

எங்கள் ஐயா வீடு பள்ளத்தூரில் பூட்டிக் கிடக்கிறது. எனக்கும் ஒரு பங்கு உண்டு. பதினெட்டு வருடமாகப் போகவில்லை. இப்போது போய் என்ன செய்வது?

முதலில் போய்த் திறங்கள். ஐப்பசி மழைக்கு முன் போவது நல்லது. பகல் வெளிச்சத்தில், உள்ளூர்க் கொத்தனார் ஒருவரோடு போங்கள். நுழைந்ததும் தரையைப் பார்க்காமல் மேலே பாருங்கள்: உத்தரத்தில் ஈரக் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே ஓடு போயிருக்கும். தூம்பு வாயில் இலை அடைத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், அன்றே எடுத்துவிடலாம். மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் தடிமன் இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் சுவரைப் பிளந்துவிடும். ஒழுகும் ஓட்டையும் தூம்பையும் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது, எல்லாப் பங்காளிகளின் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சிமெண்டு வைத்து எதையும் பூசவிடாதீர்கள், சுண்ணாம்புச் சுவர் அதை ஏற்காது.

பார்த்ததை எல்லாம் படம் எடுத்துப் பங்காளிகள் அனைவருக்கும் அனுப்புங்கள். வழக்குப் பேச்சு எதுவும் எழுத வேண்டாம், படத்தை மட்டும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி அனுப்பிய ஒரு வாரத்தில், இருபது வருடமாகப் பேசாதிருந்த பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து அழைத்து, "அடுப்படி ஓட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். அடுத்த தையில் அந்த வளவில் படைப்பு நடந்தது.